பதினைந்தாவது நாற்காலி

வெண்டெல் புரூக்கின்ஸ் மூலையில் நின்று கூடைப்பந்தை எறிந்தால், அது மிச்சிகன் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து வளையத்துக்குள் விழும். சரி, ஏரி வரைக்கும் போனதில்லை. அரங்கத்தின் கூரை விளக்கு வரைக்கும் போனதை மில்வாக்கியில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி அந்த நேரம் பியர் வாங்கப் போயிருந்தார்கள். வளையத்துக்குள் விழுந்தது மட்டும் கலப்படமில்லாத நிஜம்.

அதற்காக அவனைப் பெரிய நட்சத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் படம் போட்ட சட்டை எந்தக் கடையிலும் தொங்கியதில்லை. எதிரணியின் பெரிய ஆட்டக்காரனை ஆறேழு நிமிஷம் மறித்துக் களைக்க வைப்பது, பந்தைச் சரியான ஆளிடம் சேர்ப்பது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காதோடு சொல்வது, இதுதான் அவன் வேலை. முப்பத்தாறு வயதிலேயே அந்தப் பையன்கள் அவனைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அவனும் ஏன் என்று கேட்டதில்லை. வடக்குப் பக்கத்தில், தோல் பதனிடும் ஆலையில் உழைத்தவரின் மகனாகப் பிறந்தவன். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தார்த் தரையில் ஆடப் பழகியவன். குனியாமல் அவன் நுழைந்த கதவு எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது.

பதினாலு வருஷத்தில் ஒன்பது ஊருக்கு ஆடியிருக்கிறான். ஊர் ஊராகத் துரத்தியது அவன் ஆட்டமல்ல, லீக்கின் சம்பள விதி.

ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆட்டக்காரனுக்கு வருஷம் கூடக் கூட, அவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமும் கூடும். அப்படியிருந்தால் எந்த அணி கிழவனை எடுக்கும்? மலிவாகப் பையன் கிடைக்கும்போது பையனைத்தான் எடுக்கும். லீக் இதைப் பார்த்து மனமிரங்கி ஒரு வழி செய்தது. பழைய ஆட்டக்காரன் ஒரே ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால், அணியின் கணக்கில் அவனை இளம் பையனாகவே எழுதிக்கொள்ளலாம். மிச்சத்தை லீக் தன் பையிலிருந்து கொடுக்கும். பஸ்ஸில் பெரியவருக்கு டிக்கெட் விலை அதிகம், ஆனால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவதாகச் சொன்னால் அதிகப்படியைக் கம்பெனியே கட்டிவிடும் என்பது மாதிரி. இரண்டு ஸ்டாப் போக வேண்டும் என்று வாயைத் திறந்தால் முழு டிக்கெட்டும் அணியின் தலையில்.

கருணையோடு போட்ட விதிதான். அந்தக் கருணையால்தான் மற்றவர்கள் பந்தைக் கீழே வைத்த பிறகும் வெண்டெலுக்கு வேலை இருந்தது. அதே கருணையால்தான் கடைசிச் சில வருஷங்களாக எந்த ஊரிலும் அவனுக்கு இரண்டாவது குளிர்காலம் கிடைக்கவில்லை.

அவன் மனைவி ஜெனீவா ஒரு வீட்டைக் காலி செய்து பெட்டிகளில் அடைக்கிற வேகத்தைப் பார்த்தால் சர்க்கஸ்காரர்கள் வெட்கப்படுவார்கள். எந்த ஊரிலும் அவள் ஜன்னலுக்குச் சொந்தத் திரை வாங்கியதே இல்லை. மகள் மைராவின் பேச்சில் அட்லான்டாவும் போர்ட்லாந்தும் சண்டை போட்டுக்கொள்ளும். ஒரே ஒரு சீசன், பெண்ணின் படிப்பு கெட வேண்டாம் என்று வெண்டெல் மட்டும் கலிஃபோர்னியாவுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தான். வசந்தத்தில் வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோது, மைரா அலமாரியைத் திறந்து விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் துண்டை எடுத்து மரியாதையாக நீட்டினாள். அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டபோது அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி போனால் மூவரும் போவது, இல்லாவிட்டால் யாரும் போவதில்லை.

அதன் பிறகுதான் அதிர்ஷ்டம் வந்தது. சொந்த ஊர் அணியே கூப்பிட்டது, வழக்கம்போல ஒரு வருஷத்துக்கு. ஜெனீவா ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். மைரா பள்ளி இசைக்குழுவில் பெரிய வயலின் மாதிரியான செல்லோ வாசிக்கச் சேர்ந்து, பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தாள். பள்ளி முடிய அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம். சீசன் முடிந்ததும் வெண்டெல் மனதில் வேறு எதுவும் இல்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம், ஒரே வீடு, ஒரே பள்ளி.

ஜூலையில் அணி மேனேஜர் லிண்ட்குவிஸ்டைப் போய்ப் பார்த்தான். அவர் மேஜையில் எப்போதும் ஒரு தட்டு நிறையப் பாலாடைக்கட்டி இருக்கும். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் தட்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுவார். அன்று தட்டு வெண்டெலின் மடி வரைக்கும் வந்தது.

"உன்னைப் பிடிக்கலைன்னு யாரு சொன்னா?" என்றார். "ஒரு வருஷம்னா எங்க கணக்குல நீ சின்னப் பையன். ரெண்டு வருஷம்னா உன் முழு எடையும் எங்க மேல. இந்த வருஷம் எங்க தலைக்கும் உச்சவரம்புக் கூரைக்கும் நடுவுல ஒரு முடி போற இடம்தான்யா இருக்கு."

"சரி, சம்பளத்தைக் குறைச்சுக்குங்க. நானே சொல்றேன்."

"அதுக்கும் விதி விடாது. இத்தனை வருஷம் ஆடினவனுக்கு இதுக்குக் கீழ கொடுக்கக் கூடாது. நீ சும்மா ஆடித் தர்றேன்னாலும் வாங்கிக்க முடியாது."

குறைத்துக் கேட்டாலும் வேலை கிடைக்காத தொழில் இந்த நாட்டில் இது ஒன்றுதான் போலிருக்கிறது என்று வெண்டெல் நினைத்துக்கொண்டான். ஆனால் அவர் முடிக்கவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கும் இப்போதே கையெழுத்துப் போட முடியாதாம். அணிக்குப் பதினைந்து பேர் வரைக்கும்தான், அதில் பதினாலு பேர் சேர்ந்தாகிவிட்டது. பதினைந்தாவது நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் சீசனைத் தொடங்கப் போகிறார்கள். சம்பளம் நாள் கணக்கில் கரைவது. ஆட்டங்கள் போகப் போக, மிச்ச நாட்களுக்குக் கொடுக்க வேண்டியது சுருங்கிக்கொண்டே வரும். டிசம்பர் நடுவில் அது கூரைக்கும் தலைக்கும் நடுவிலுள்ள அந்த முடியிடத்துக்குள் நுழைகிற அளவுக்கு வந்துவிடும்.

"டிசம்பர்ல நீ கதவுக்குள்ள நுழையற அளவுக்குச் சின்னதா ஆயிடுவே" என்றார்.

"இதுவரைக்கும் எந்தக் கதவுலயும் நிமிர்ந்து நுழைஞ்சதில்ல" என்றான் வெண்டெல். "அதுக்கு அடுத்த வருஷம்?"

லிண்ட்குவிஸ்ட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதைக் கேக்காதே. நான் பதில் சொன்னா எனக்கு வேலை போகும், உனக்கு ஒப்பந்தமே போகும்."

அதுவும் விதிதான். காகிதத்தில் இல்லாத எதையும் எந்த அணியும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததாகத் தெரிந்தால் உச்சவரம்பை ஏமாற்றியதாக லீக் எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் போகிற வழியில் மைராவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, ஸ்டான்லி ஜப்லொன்ஸ்கியின் கஸ்டர்ட் கடையில் நிறுத்தினான். கோடைப் பயிற்சியில் அவள் அன்றைக்கு நன்றாக வாசித்திருந்தாள், முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து டிசம்பரையும் முடியிடத்தையும் விளக்க அவனுக்கு மனம் வரவில்லை. கடை ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கப் பாக்கறேன்டா" என்று மட்டும் சொன்னான். உள்ளே கரண்டியோடு நின்ற ஸ்டான்லியும் கேட்டார்.

ஸ்டான்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கடை வாசலில் தெருவையே மறைக்கிற உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. கஸ்டர்ட் என்றால் முட்டைக்கரு சேர்த்து உறையவைத்த இனிப்பு, ஐஸ்கிரீமுக்கு அண்ணன். அன்றன்றைய வகையை அதில் போடுவார்கள், நம் ஊர்க் கஸ்டர்ட் கடைகளெல்லாம் செய்வதுதான். அதற்குக் கீழே தெருவின் நல்லது கெட்டதும் ஏறும். யாருக்குக் கல்யாணம், யாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, எவன் பனி வாரும் இயந்திரத்தை இரவல் வாங்கித் திருப்பவில்லை. நடந்ததை மட்டுமல்ல, நடக்க வேண்டியதையும் போடுவார். பலகையில் ஏற்றினால் ஊர் முழுக்க அதையே நினைக்கும், நினைத்தால் நடக்கும் என்பது அவருடைய மதம். பீட்டர்ஸன் வீட்டு நாய் திரும்பி வந்தது அப்படித்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

மறுநாள் காலை பலகையில் இருந்தது: இன்று வெண்ணெய் பெக்கான் கஸ்டர்ட். வெண்டெல் இன்னும் இரண்டு வருஷம் நம்மோடு.

மத்தியானத்துக்குள் அது செல்போன் படமாகி ஊரைத் தாண்டிவிட்டது. ரேடியோவில் விளையாட்டு பேசுகிறவர் உருகி உருகிப் படித்தார். மூன்றாம் நாள் நியூயார்க்கிலிருந்து லீக் அலுவலகம் அணியைக் கேட்டது. ஒப்பந்தமே இல்லாத ஆளுக்கு இரண்டு வருஷம் என்று வாக்குக் கொடுத்தது யார்?

வெண்டெலின் ஏஜென்ட் ஹெர்ஷல் கோரன் கூப்பிட்டான். வெண்டெலைவிட மூன்று வயது சின்னவன், ஆனால் கவலையால் பெரியவனாகத் தெரிவான்.

"பெரியவரே, ஐஸ்கிரீம் கடையில ஒப்பந்தம் போட்ட முதல் ஆளு நீதான்."

"அது ஐஸ்கிரீம் இல்ல. கஸ்டர்ட்."

"நியூயார்க்ல உக்காந்திருக்கிற வக்கீலுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுப்பா" என்று சொல்லி, விஷயத்துக்கு வந்தான். விசாரணை முடிகிற வரை லிண்ட்குவிஸ்ட் வெண்டெலோடும் பேசக் கூடாது, ஹெர்ஷலோடும் பேசக் கூடாது என்று அணியின் வக்கீல்கள் வாயைக் கட்டியிருக்கிறார்கள். வாக்குக் கொடுத்தது உண்மை என்று லீக் முடிவு செய்துவிட்டால், வெண்டெல் இந்த ஊருக்கு ஆடவே முடியாது. அடுத்த வருஷம் என்ன, இந்த டிசம்பரும் கிடையாது.

வெண்டெல் கடைக்குப் போனபோது ஸ்டான்லி ஏணிமேல் நின்று எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வேண்டுமானால் வெண்டெல் வரப்போவதே இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டு நியூயார்க்குக்கு அனுப்பி வைக்கட்டுமா என்றார்.

"வேணாம் ஐயா. கஸ்டர்ட் பேரு மட்டும் போதும்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு, அவர் இறங்கி வந்து கொடுத்த கஸ்டர்ட் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தான். கோபித்துக்கொள்ளத்தான் போனான். ஏணி மேல் நிற்கிற கிழவரை எப்படித் திட்டுவது?

அக்டோபரில் அவனில்லாமல் சீசன் தொடங்கியது. வெண்டெல் தினமும் தேவாலயத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடினான். பாதி இடத்தைப் பாடகர் குழுவின் நாற்காலிகள் அடைத்திருந்ததால், அவனுடைய ஓட்டம் எல்லாம் ஒரே பக்கத்து வளையத்தைச் சுற்றித்தான். டிவியில் ஆட்டம் பார்க்கும்போது பெஞ்சின் கடைசியில் அந்தப் பதினைந்தாவது நாற்காலி தெரியும். யாரோ அதன்மேல் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பையன் ஒருவன் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்து வெண்டெல் சோபாவிலிருந்து, இடது பக்கம் போடா என்பான். பையன் போக மாட்டான். லிண்ட்குவிஸ்டிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வாயைக் கட்டியதாலா, மனம் மாறிவிட்டதாலா என்று கண்டுபிடிக்க வழியும் இல்லை.

நவம்பர் கடைசியில், நன்றி நாளின் வான்கோழி விருந்து முடிந்த வாரம் ஹெர்ஷல் மறுபடி கூப்பிட்டான். டெக்ஸஸ் பக்கத்து அணி ஒன்றில் இரண்டு பேருக்கு முழங்கால் போய்விட்டது. வெண்டெல் வேண்டும், உடனே வேண்டும். ஒரு வருஷந்தான், ஆனால் சந்தேகமில்லாத ஒரு வருஷம். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பதில் தெரிய வேண்டும்.

"இங்க இருக்கறது காலி நாற்காலி. அங்க இருக்கறது உன் பேரு எழுதின நாற்காலி" என்றான் ஹெர்ஷல். "உன் வயசுல ஒரு சீசன் வெளிய உக்காந்தா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல."

தெரியாமல் என்ன. போனால் மைராவை நடுவருஷத்தில் பள்ளியிலிருந்து பிடுங்க வேண்டும், அல்லது மறுபடி விருந்தாளித் துண்டு. போகாவிட்டால், லீக்கும் கூடாது என்று சொல்லிவிட்டால், பதினாலு வருஷ ஆட்டம் ஒரு கஸ்டர்ட் பலகையில் முடிந்ததாக ஆகும். வியாழக்கிழமை ராத்திரி ஜெனீவாவிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, இதைத் தன்னிடம் சொல்வதற்கு முன்னால் மைராவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மூவரும் தேவாலயத்து மீன் விருந்துக்குப் போனார்கள். பொரித்த மீனுக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஜெனீவா இடம் பிடிக்கப் போய்விட, தட்டுகளைப் பிடித்தபடி வெண்டெலும் மைராவும் வரிசையில் ஊர்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் உருளைக்கிழங்கு அடையா, வறுவலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவன் எல்லாவற்றையும் சொன்னான். டெக்ஸஸ், டிசம்பர், பலகை, லிண்ட்குவிஸ்டின் மௌனம். கடைசியாக, ரெண்டு வருஷம் என்று வாய்விட்டுச் சொன்னது தன் தப்பு என்றும் சொன்னான்.

மைரா வரிசையில் இரண்டடி நகர்ந்தாள். "ரெண்டு வருஷம் வேணும்னு நான் எப்பப்பா கேட்டேன்?"

"கேக்கலைதான். நானாத்தான் நினைச்சேன்."

"ஒவ்வொரு தடவையும் நாம எங்க போறோம்னு எனக்கு ஸ்கூல்ல யாராவதுதான் சொல்வாங்க. டிவில வந்துச்சே, உனக்குத் தெரியாதான்னு. அதுதான் எனக்குப் பிடிக்காது. இப்ப நீயே சொல்லிட்டே."

"அப்ப போகலாம்னு சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? டெக்ஸஸ்ல மீன் விருந்து உண்டா?"

"தெரியல."

"அப்ப எதுக்குப் போகணும்?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், "நீ இங்க ஆடாம சும்மா வீட்ல உக்காந்திருந்தாலும் எனக்குப் பரவால்ல. நீ உக்காந்திருப்பியான்னுதான் தெரியல" என்றாள்.

வெண்டெல் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான். பனி விழத் தொடங்கியிருந்தது. ஹெர்ஷலைக் கூப்பிட்டு, டெக்ஸஸ்காரர்களுக்கு நன்றி சொல்லிவிடு, வரவில்லை என்றான். மறுமுனையில் ஹெர்ஷல் பெருமூச்சு விட்டது ஏரியில் அலை எழுப்பியதாகச் சொல்வார்கள். மீன் ஆறுவதற்குள் வெண்டெல் உள்ளே வந்துவிட்டான்.

அடுத்த வாரம் லீக்கின் வக்கீலம்மா ஸ்டான்லியைத் தொலைபேசியில் விசாரித்தார். இரண்டு வருஷம் என்று யார் சொல்லி எழுதினீர்கள்? வெண்டெல் தன் மகளிடம் இருக்கப் பார்க்கிறேன் என்றதைக் கேட்டேன், நடக்கட்டுமே என்று நானாக எழுதினேன் என்றார் ஸ்டான்லி. அணியைச் சேர்ந்த யாரையாவது தெரியுமா? தெரியும், மேனேஜர் மாதம் இரண்டு தடவை வருவார், வெனிலா மட்டும் வாங்குவார், அப்படிப்பட்ட ஆளிடம் நான் ரகசியம் பேசுவேனா? நடக்காததைப் பலகையில் எழுதுவது உங்கள் வழக்கமா?

"அம்மா, போன மாசம் எங்க ராஸ்பெரி கஸ்டர்ட் மூட்டுவலியைப் போக்கும்னு எழுதினேன். அதை விசாரிக்க யாரும் வரலியே."

அதற்கு மேல் அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லையாம். சில நாளில், வாக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை என்று லீக் சொல்லிவிட்டது. ஆனாலும் வெண்டெலின் தொலைபேசி ஒலிக்கவில்லை. கேள்வி தீர்ந்ததே தவிர, நாற்காலி இன்னும் காலிதான். பாட்டில்கள் அதன்மேலேயே இருந்தன.

டிசம்பர் நடுவில் ஒரு காலை, வெண்டெல் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது லிண்ட்குவிஸ்ட் கூப்பிட்டார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"கையில வேலை ஏதாவது இருக்கா?"

"பனி வாரறேன்."

"பாதில விட்டுட்டு வா. இன்னிக்கு நீ கதவுக்குள்ள நுழையற அளவுக்கு வந்துட்டே."

மண்வெட்டியைப் பனிக் குவியலில் குத்திவிட்டுப் போனான். சீசனில் மிச்சமிருந்த நாட்களுக்கு ஒப்பந்தம், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. லிண்ட்குவிஸ்ட் தட்டை அவன் பக்கம் தள்ளவே இல்லை. அதிலிருந்து நல்ல செய்தி என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்த வருஷத்தைப் பற்றி வெண்டெலும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஆட்டத்தில் அவனைக் கடைசி நாலு நிமிஷத்துக்கு இறக்கினார்கள். தப்பான இடத்தில் நிற்கும் அந்தப் பையனை நெருங்கிப் போய், இடது பக்கம் போடா என்றான். பையன் திடுக்கிட்டு, "இவ்வளவு நாள் எங்க போயிருந்தே தாத்தா?" என்றான். அதோடு இடது பக்கமும் போனான்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த வெண்டெல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாடகை வீட்டோடு வந்த பழைய பிளாஸ்டிக் மறைப்புகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு ஜன்னல் விடாமல் அத்தனைக்கும் கனமான நீலத் துணியில் திரை மாட்டினான். ஏணியே இல்லாமல் வீடு முழுக்கத் திரை போட்ட ஒரே மனிதன் மில்வாக்கியில் அவன்தான்.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே கேட்ட ஜெனீவா தலையை நிமிர்த்தாமலே திருத்தினாள்.

"எல்லா ஜன்னலுக்கும் இல்ல. மைரா ரூமுக்கு மட்டுந்தான் போட்டோம். மத்ததுக்கு இன்னும் துணியே எடுக்கல, ஜூலைல அடுத்த ஒப்பந்தம் வரட்டும்னு இருக்கோம்."